சாட்சிக் குப்பி

எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்றவள் நான் ஒருத்திதான்.

ஓய்வுபெற்ற ஒருவரைச் சந்தித்து, அவருடைய பணிக்கால அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி வரும்படி முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டில் பேராசிரியர் பணித்தார். தோழிகள் தங்கள் உறவினர்களைத் தேடிப் போனார்கள். ஒருத்தி ரயில்வேயில் இருந்த பெரியப்பாவைப் பிடித்தாள். இன்னொருத்தி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட மாமாவைப் பிடித்தாள். பக்கத்து இருக்கை வினோதினி, "நீ யாரைப் பார்க்கப் போற?" என்று கேட்டாள். "என்னைத்தான்," என்றேன். நான் அதிகம் பேசாதவள் என்பதால் என் பேச்சில் வேடிக்கை இருக்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. சற்றுப் பிந்தித்தான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஐந்தாண்டுகள் ஒரு வேலையில் இருந்தேன். இருபத்தேழு வயதில் அதிலிருந்து விலகியபோது, 'ஓய்வுபெற விரும்புகிறேன்' என்றே எழுதிக் கொடுத்தேன். ஆலை மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வயசுல ரிட்டயர்மென்ட்டாம்மா? ரிசைன்னு மாத்திக் குடு. பி.எஃப். ஆபீஸ்ல சிரிப்பாங்க," என்றார். மாற்றிக் கொடுத்தேன். ஆனால் எனக்குள் அது ஓய்வுதான். வேலையை விட்டவர்கள் இன்னொரு வேலைக்குப் போவார்கள். நான் ஓய்வு கொடுத்தது என் மூக்குக்கு. அதை வைத்துக்கொண்டு இனி யாருக்கும் எதையும் உறுதி சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அது என்ன வேலை என்று இந்த வகுப்பில் நான் யாரிடமும் சொன்னதில்லை. 'பார்லி கம்பெனி' என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை.

கொள்ளிடக் கரையை ஒட்டி, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த இடத்தில் அந்த ஆலை இருந்தது. வேலிக்கு வெளியே குறுவையும் சம்பாவும் விளைந்தன. வேலிக்கு உள்ளே, வடக்கிலிருந்து லாரிகளில் வந்த பார்லி மூட்டை மூட்டையாக இறங்கியது. முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கரைத்து, புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் இருமுறை வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுக்கும் விஸ்கி அது. முளைகட்டிய பார்லியைத் தவிர வேறு தானியம் சேர்க்காமல், ஒரே ஆலையில் வடிப்பதால் சிங்கிள் மால்ட் என்பார்கள். வேதியியல் இளநிலை முடித்த கையோடு நான் அங்கே முகர்வுக் குழுவில் சேர்ந்தேன். விஸ்கியை முகர்ந்து பார்த்து, அது வழக்கமான தரத்தில் இருக்கிறதா என்று சொல்வது என் வேலை. குடிப்பது வேலையில் சேராது. நான் குடித்ததும் இல்லை.

வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் இது தெரியும். தெருவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா கவனமாக இருந்தாள். "பார்லி கம்பெனியில, லேப்ல இருக்கா," என்று சொல்லிவைத்தாள். பார்லி என்றால் எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகளின் கால்வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் காய்ச்சும் கஞ்சிதான். எதிர்வீட்டு அத்தையின் மகள் மாசமாக இருந்தபோது அத்தை வாசலிலேயே என்னை மறித்தார்.

"தேனு, உங்க கம்பெனி பார்லி ஒரு கிலோ கொண்டாயேன். கடையில இருக்கறதெல்லாம் பழசு, புழு வெக்குது."

மறுநாள் தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மளிகைக் கடையில் வாங்கி, உறையைப் பிரித்துவிட்டு வெறும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். மகளுக்குக் கால்வீக்கம் வடிந்தது. "என்ன இருந்தாலும் தேனு கம்பெனி சரக்கு சரக்குதான்," என்று அத்தை தெரு முழுவதும் சொன்னார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பயிற்சிக் காலம் பெரும்பாலும் விலக்குகளால் ஆனது. மல்லிகைப் பூ கூடாது. தேங்காயெண்ணெய், மஞ்சள், பவுடர், சாம்பிராணி எதுவும் கூடாது. முந்தின இரவு பூண்டு கூடாது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா தலையில ஒரு முழம் பூ இல்லாம போறியே, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க," என்று அம்மா வாரந்தோறும் கேட்டாள். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் விரைவில் தெரிந்தது. "பொண்ணு வேதத்துக்குப் போயிடுச்சா?" என்று அத்தை அம்மாவிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். மதம் மாறியதாகத் தெரு நினைத்துக்கொண்டதில் அம்மாவுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது என்று நினைக்கிறேன். உண்மையைவிட அது சொல்லிக்கொள்ளக் கூடியதாக இருந்தது.

தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர் எஸ்தர் மேடம். தரங்கம்பாடிக்காரர். தலைமுறை தலைமுறையாக லுத்தரன் சபையைச் சேர்ந்த குடும்பம். கஞ்சிபோட்ட பருத்திப் புடவை, கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். முகர்வு அறைக்குள் எங்கள் எல்லோரையும் 'வாங்க, சொல்லுங்க' என்றே பேசுவார். அறைக்கு வெளியே வந்ததும் நான் 'வாம்மா' ஆகிவிடுவேன். அவரும் குடித்ததில்லை. நாங்கள் தேவைப்பட்டால் நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்புவோம். அவர் அதுவும் செய்யமாட்டார். மூக்கு மட்டும்தான். "நாக்குல வெச்சா ஞாயித்துக்கிழமை நான் யாருக்காவது பொய் சொல்லவேண்டி வரும்," என்றார் ஒருமுறை. அவருடைய சபையிலும் அது பார்லி கம்பெனிதான்.

முகர்வு அறை ஆலையின் மேற்கு மூலையில், பீப்பாய்க் கிடங்கின் காற்று படாத இடத்தில் இருந்தது. வெள்ளைச் சுவர்கள். காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் நடுவே, மூக்கு சற்றுப் பசித்திருக்கும் வேளையில்தான் வேலை. மேசையில் ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணங்கள். நிறத்தைப் பார்த்து மனம் முடிவுசெய்துவிடாமல் இருக்க அவை கருநீலக் கண்ணாடியால் ஆனவை. ஒவ்வொன்றிலும் சிறிது விஸ்கி, அதே அளவு தண்ணீர், மேலே கண்ணாடி மூடி. மூன்றில் இரண்டில் இருப்பது ஒரே சரக்கு, மற்றது வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். மூடியை விலக்கி ஒருமுறை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடக்கிய முழங்கையின் உட்பக்கத்தில் நம்முடைய தோலையே முகர வேண்டும். அப்போதுதான் மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒப்பிடுவதற்காக வைத்திருந்த குப்பியை ஆலையில் 'சாட்சி' என்பார்கள். குப்பிகளில் புதிதாக நிரப்பப்போகும் ஒவ்வொரு தொகுதியும் சாட்சியோடு ஒத்துப்போக வேண்டும். மேடம் எங்கள் பின்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அதுதானா?" வேறுபாடு தெரியாவிட்டால் 'அதுதான்' என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் 'அது இல்லை.' மூன்றாவது விடை கிடையாது. குழுவிலிருந்த குமரன் ஒருநாள் வாய்தவறி, "பரவாயில்லை மேடம்," என்றுவிட்டான்.

"பரவாயில்லைங்கறது உங்க மனசைப் பத்தின செய்தி, குமரன். நான் கிண்ணத்தைப் பத்திக் கேட்டேன்."

"சாரி மேடம். அதுதான்."

"நல்லா இருக்கான்னு உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. நல்லதா கெட்டதான்னு குடிக்கிறவங்க பாத்துக்குவாங்க. நாம சொல்றது ஒண்ணுதான். போன வருஷம் வாங்கினவரு இந்த வருஷமும் வாங்கினா, அவருக்கு அதுவே கிடைக்கணும்."

அந்தக் கறாரை நான் நேசித்தேன். இன்னொன்றையும் நேசித்தேன், அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த விஸ்கியின் மணம் எனக்கு உயிராக இருந்தது. பழுத்த பூவன்பழம், நாட்டுச் சர்க்கரை, மழையில் நனைந்த மரக்கதவு. பேருந்தில் வீடு திரும்பும்போது அதை மனத்துக்குள் மீண்டும் ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பேன். தஞ்சாவூரில் ஒரு பெண் எதையெல்லாம் நேசிக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதற்குள் இது வராது.

நான் சேர்ந்த ஐந்தாம் ஆண்டில், ஒரு நண்பகலில், வாயிற்காவலர் உள்ளே வந்து யாரோ ஒரு பெரியவர் குப்பியோடு வந்திருப்பதாகச் சொன்னார்.

"குடிச்சிட்டு வந்திருக்காரா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லைங்க மேடம். குடிக்க முடியலைன்னு வந்திருக்காரு."

மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு வாயிலுக்குப் போனார். எழுபதைத் தாண்டிய ஒருவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். சட்டைப் பையில் செபமாலையின் நுனி தெரிந்தது. பெயர் செபஸ்தியான்; நாகப்பட்டினத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.

"நான் சண்டைக்கு வரலைங்கம்மா. காசைத் திருப்பிக் கேக்கவும் வரலை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

"சொல்லுங்க சார்."

"உங்க சரக்கு முதல்முதலா கடைக்கு வந்ததுலேர்ந்து நான் இதைத்தான் வாங்குறேன். குடிகாரன்னு நினைச்சுடாதீங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்து, மீன் கொழம்புக்கு முன்னாடி ஒரு பெக்கு. மத்த நாளு கிடையாது. இப்பக் கொஞ்ச காலமா அது அதுவா இல்லை. மகன்கிட்ட சொன்னா, 'உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, நாக்கு செத்துப்போச்சு'ங்கறான். மருமக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. அந்தத் தம்பி எங்கிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்குது."

சிரிக்க முயன்றார். வரவில்லை.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்கம்மா ஆரம்பிச்சுது. முதல்ல கொழம்பு சரியில்லைன்னாரு. அப்புறம் சோத்தைப் பாத்து மண்ணுன்னாரு. கடைசியில என்னைப் பாத்து யாருன்னாரு. அதனாலதான் பஸ் ஏறி வந்தேன். என் நாக்கு போச்சா, உங்க சரக்கு போச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்."

மேடம் அவரைக் காவலர் அறையில் உட்காரவைத்து, மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவருடைய குப்பியை வாங்கிக்கொண்டு முகர்வு அறைக்கு வந்தார். எந்தப் புகாரையும் அவர் காகிதத்தோடு முடித்துக்கொண்டவர் அல்லர். கிண்ணங்களைத் தானே கழுவினார். பெரியவரின் குப்பியிலிருந்தும் சாட்சியிலிருந்தும் அளந்து ஊற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று இடம் மாற்றி வைத்தார். மூன்று பேர் முகர்ந்தோம். எது வேறு என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

"அதுதானா?"

"அதுதான் மேடம்," என்றோம் மூவரும். அவரும் முகர்ந்தார். தலையசைத்தார்.

வாயிலுக்குத் திரும்பி நடக்கையில் எனக்குள் ஒரு நிறைவு இருந்ததை மறைக்க மாட்டேன். ஒரு மனிதர் கேள்வியோடு வந்தார்; நாங்கள் முறைப்படி விடை கண்டோம். மேடம் சொன்னார்: "மாத்தம் எதுவும் இல்லைங்க சார். மூணு பேரு தனித்தனியா பாத்தாங்க. நானும் பாத்தேன்."

பெரியவர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாக்குதான்."

மேடம் குப்பியை அவரிடம் நீட்டினார்.

"சரிங்கம்மா. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான்." எழுந்து இரண்டடி நடந்தவர் திரும்பினார். "மூடியைத் திறந்தா, மில்லுல நெல்லு அவிக்கிற அண்டாவைத் திறந்த மாதிரி ஒரு ஆவி வருமே, அது எங்க போச்சுன்னுதான்... விடுங்க. அதுவும் என் நினைப்பாத்தான் இருக்கும்." குப்பியை எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கெதுக்கு இது?" என்றார்.

வெறும் மஞ்சள் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மேடம் வாயிலைவிட்டு அசையவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் முன்னால் வந்திருந்தன. நான் முதன்முறையாக அதைப் பார்த்தேன்.

"தேன்மொழி, உங்க தெருவுல நெல்லு மில்லு இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"இந்தச் சரக்குல எப்பவாவது அந்த வாசனை உனக்கு வந்திருக்காம்மா?"

"இல்லை மேடம்."

"எனக்கு வந்திருக்கு. ஆரம்பத்துல அதை வெச்சுத்தான் அடையாளம் சொல்லுவேன்." சாலையைப் பார்த்தார். "எப்ப நின்னுச்சுன்னு தெரியலை. நின்னதே தெரியலைம்மா."

என்ன நடந்திருக்கும் என்பதை அன்று மாலைக்குள் அவர் கண்டுகொண்டார். சாட்சிக் குப்பியைத் திறந்து திறந்து மூடுவதால் அது குறையும். குறையக் குறையக் காற்றுப் பட்டு மணம் மாறும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, சாட்சியோடு ஒத்துப்போன புதுத் தொகுதி ஒன்றிலிருந்து அடுத்த சாட்சியை எடுப்பார்கள். புதிய சாட்சி பழைய சாட்சியைப் போலவே இருக்கும், மூக்குக்கு எட்டாத ஒரு சிறு வேறுபாட்டைத் தவிர. அடுத்த ஆண்டு இன்னொரு சிறு வேறுபாடு. இதற்கிடையில் ஆலை பார்லி வாங்கும் இடத்தை மாற்றியிருந்தது. ஒரே பீப்பாயை மூன்றாம் முறை, நான்காம் முறை பயன்படுத்தியது. கிடங்கில் வைத்திருக்கும் காலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நாங்கள் 'அதுதான்' என்று சொல்லியிருந்தோம். ஒவ்வொரு முறையும் அது உண்மை.

முதல் தொகுதிக் குப்பி ஒன்றுகூட ஆலையில் இல்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். "எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல முடியலை," என்றார் மேடம். "வீட்டுல இருக்கு. பிரிக்கலை. நாளைக்கு நீ என்கூட வாம்மா. தனியா எடுத்துட்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை."

மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்குப் போனோம். மேடத்தின் கணவர் ஞானராஜ் சார், பள்ளி ஆசிரியராக இருந்தவர். சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். பெரிய குரல். எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். மேடம் அவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஸ்டூலைப் போட்டுப் பரண்மீது கைவிட்டார். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் குடில் பொம்மைகளும் வைத்த அட்டைப்பெட்டி அங்கே இருந்தது. தடவிக்கொண்டே இருந்தார்.

"வலது பக்கம்," என்றார் ஞானராஜ் சார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேய்ப்பனுங்களுக்குப் பின்னாடி."

மேடம் ஸ்டூல் மேலிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் நட்சத்திரத்தை எடுக்கறவன் நான்தானே எஸ்தர்? ஒவ்வொரு டிசம்பரும் அதைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, திருப்பி அங்கேயே வெக்கிறேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

மேடம் முகத்தில் அப்போது தெரிந்த வெட்கத்தைப் பார்த்திருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நான் குடில் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேய்ப்பன் ஒருவனுக்குக் கை உடைந்திருந்தது.

குப்பியைத் துண்டில் சுற்றி, கோயிலுக்குக் கொண்டுபோகும் கறுப்புப் பையில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு மேடம் பேருந்தில் உட்கார்ந்தார். செம்பனார்கோயில் அருகே ஓட்டுநர் திடீரென்று நிறுத்தியதில் குப்பி கம்பியில் மோதி 'ணங்' என்றது. பக்கத்து இருக்கைப் பெண்மணி திரும்பினார்.

"என்னங்க அது, உடையற சாமானா?"

மேடம் தடுமாறிப்போய், வேலையிடத்துச் சொல்லையே சொன்னார்: "சாட்சிங்க."

"அப்படியா! எந்தச் சபைங்க நீங்க?" என்று அந்தப் பெண்மணி மகிழ்ச்சியோடு நெருங்கி உட்கார்ந்தார். தமக்குக் கடவுள் செய்த நன்மைகளை எழுந்து நின்று சொல்வதைச் சபைகளில் சாட்சி என்பார்கள். இறங்கும் ஊர் வரையில் அவர் தம்முடைய சாட்சியைச் சொல்லிக்கொண்டு வந்தார்: கர்ப்பப்பைக் கட்டி கரைந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது. மேடம் குப்பியை அணைத்தபடி, "ஆமாங்க, ஆமாங்க," என்றார். அந்தப் பெண்மணி இறங்கிய பிறகு மேடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "இத்தனை வருஷத்துல சபையில நான் ஒரு தடவைகூட எழுந்து சாட்சி சொன்னதில்லைம்மா. என்ன வேலை செய்யிறேன்னு சொல்லவேண்டி வந்துடுமேன்னு."

திங்கட்கிழமை காலை அந்தக் குப்பியின் அடைப்பானைத் திறந்தார். கிண்ணத்தில் ஊற்றுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. விடியற்காலையில் எங்கள் தெரு மில்லில் அண்டாவின் மூடியைத் தள்ளும்போது வாசல்வரை வரும் ஈர ஆவி: உமியும் சூடும் கொஞ்சம் இனிப்பும் கலந்தது. அது நாட்டுச் சர்க்கரைக்கும் பூவன்பழத்துக்கும் அடியில் தரைபோல விரிந்திருந்தது. நான் நேசித்த மணம், அந்தத் தரை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த மிச்சம். நான் ஆலைக்குள் நுழைந்த நாளிலேயே அது பாதி போயிருந்தது. அதைத்தான் உயர்ந்ததென்று நான்காண்டுகளாகப் பேருந்தில் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"இதுக்கு எதுக்கு மேடம் மூணு கிண்ணம்?" என்றான் குமரன். "ஜலதோஷத்தோட வந்தவனே சொல்லிடுவான்."

"முறைப்படி சொல்லுங்க."

மூன்று பேரும் வேறான கிண்ணத்தைச் சரியாகத் தொட்டோம்.

"அதுதானா?"

"அது இல்லை."

மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். "விதிப்படி இருக்கவேண்டிய அளவெல்லாம் இருக்கு. பழைய பார்லிக்கும் புது பீப்பாய்க்கும் இனிமே நான் எங்க போறது? இப்ப இருக்கறதுதான் நம்ம சரக்கு, இப்ப இருக்கறதுதான் சாட்சி. அந்தப் பெரியவரு குப்பியைச் சாட்சியோட பாத்தீங்க, ஒத்துப்போச்சு. நீங்க சொன்னது சரிதானே மேடம்?"

"சரிதான் சார்."

"அப்புறம் என்ன?"

நாங்கள் பொய் சொல்லவில்லை, கவனக்குறைவாகவும் இருக்கவில்லை. சரியாகவே சொல்லி, ஒரு மனிதரை அவருடைய நாக்கைச் சந்தேகிக்கவைத்து அனுப்பியிருந்தோம். தவறு செய்தவர்களுக்குத் திருத்திக்கொள்ள ஒரு தவறாவது இருக்கும்.

அந்த வார இறுதியில் நாகப்பட்டினம் போனோம். படகுத் துறையில் எஞ்சின்காரர் செபஸ்தியான் என்று கேட்டதும் வழி சொன்னார்கள். சுனாமி அலைக்குப் பிறகு கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மருமகள் எங்களைப் பார்த்ததும், கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்று அறிந்ததும், உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து மாமா ஒரு மாதிரி இருக்காங்கக்கா. கொழம்புக்கு உப்பு அவங்கதான் பாப்பாங்க. இப்பக் கரண்டியை நீட்டினா, 'நீயே பாரும்மா, எனக்கென்ன தெரியும்'ங்கறாங்க. நான் உப்பே போடாம ஒரு நாள் வெச்சுப் பாத்தேன். வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு எழுந்துட்டாங்க."

பெரியவர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழப்போனார். "வாங்கம்மா, உட்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்லிடுறேன் சார்," என்றார் மேடம். கைகள் முன்னால் கோத்திருந்தன. சபையில் எழுந்து நிற்கிறவர்களைப் போலவே நின்றார். "உங்க நாக்கு நல்லா இருக்கு. போனது எங்க சரக்கு. எங்களுக்கே தெரியாம கொஞ்சங்கொஞ்சமா போயிருக்கு. போனதோட போனதை ஒப்பிட்டுப் பாத்துட்டு, மாத்தம் இல்லைன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன். நெல்லு அவிக்கிற வாசனை இருந்துச்சு சார். எனக்கும் வந்திருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருந்துது. எனக்கு இல்லை."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். "மாமா, கேட்டீங்களா? கேட்டீங்களா மாமா?"

பெரியவர் உடனே மகிழவில்லை.

"அப்ப அது இனிமே கிடையாதா?"

"கிடையாது சார்."

"என் நாக்குதான் போச்சுன்னு இருந்தப்ப, அது எங்கேயோ கடையில இருக்குன்னாவது இருந்துது," என்றார்.

மேடம் கறுப்புப் பையைத் திறந்து, துண்டை விலக்கி, குப்பியை அவரிடம் நீட்டினார். முகர்வு அறையில் எடுத்தது போக மீதி முக்கால் பங்கு இருந்தது. பெரியவர் அடைப்பானைத் திறந்தார், உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணை மூடி, எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்காத விதத்தில், வாயை லேசாகத் திறந்து முகர்ந்தார். ஒரு எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று கேட்பவரைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

"அதுதான்," என்றார்.

எங்கள் அறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. மேடம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை எங்கிட்ட விட்டுட்டா, எது அதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பெரியவர் கேட்டார்.

"எங்களுக்கு இனிமே அது தேவைப்படாதுங்க சார்."

அடுக்களையிலிருந்து மருமகள் கரண்டியோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "மாமா, உப்பு பாருங்க." பெரியவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைத்தார். "உப்பு இருக்கு. புளி தூக்கலா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடு," என்றார். சாப்பிடாமல் எங்களை அவர்கள் அனுப்பவில்லை. புளி தூக்கலாகத்தான் இருந்தது.

எஸ்தர் மேடம் அந்த ஆண்டு இறுதியில் வயது நிறைந்து ஓய்வுபெற்றார். அதற்கு முன்பே நான் போய்விட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய மறுநாள், வழக்கம்போல மேசையில் மூன்று கருநீலக் கிண்ணங்கள் இருந்தன. புதிய தொகுதி ஒன்று. இப்போதைய சாட்சி ஒன்று. முகர்ந்தேன், முழங்கையை முகர்ந்தேன், மீண்டும் முகர்ந்தேன். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. மேடம் என் பின்னால் வந்து நின்றார். அவரும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"அதுதானா?"

"அதுதான் மேடம்," என்றேன்.

சரியான விடைதான். அன்று மாலைதான் ஓய்வு வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன்.